மிச்ச நூலுக்கு எந்தப் பின்னல்? குறோசே சதுரம், மூலைச் சதுரம், நீள வரிப் பின்னல்

யாழ்ப்பாணத்து வெயிலுக்குக் கம்பளிச் சட்டை தேவையில்லை. ஆனாலும் எங்கள் வீட்டு அலுமாரிகளின் அடித்தட்டில் பின்னல் நூல் குறைவதே இல்லை. ரொறன்ரோவில் இருக்கும் மருமகளுக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது என்று அறிந்தால் இங்கிருந்து ஒரு தொப்பியையும் காலுறையையும் பின்னி அனுப்புகிறோம். அங்கிருந்து வரும் பொதியிலோ, யாரோ பாதியில் விட்ட நூலுருண்டைகள் இரண்டு மூன்று உடுப்புகளுக்கிடையே செருகப்பட்டு வந்து சேர்கின்றன. கடந்த மாரியில் மழை விடாது பெய்த ஒரு கிழமையில், என் பெட்டியைக் கவிழ்த்துக் குசினித் தராசில் நிறுத்துப் பார்த்தபோது 23 உருண்டைகளும் சேர்ந்து 640 கிராம் இருந்தன. அவற்றுள் ஒன்றுகூடத் தனியே ஓர் உடுப்புக்குப் போதாது. அதே நிறத்தை மறுபடி வாங்கிச் சேர்க்கலாம் என்றாலும், ஒவ்வொரு முறை சாயமிடும்போதும் நிறம் மெல்ல மாறுவதால், கடை வெளிச்சத்தில் ஒன்றுபோலத் தெரிந்த இரண்டு நீலங்கள் முற்றத்து வெளிச்சத்தில் இரண்டாகவே தெரியும்.

எந்தப் பின்னல் சிறந்தது என்று ஒப்பிடுவதற்கு முன்னர், எந்த நூல் எது என்று பிரித்தாக வேண்டும். கம்பளி நூல் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் பெரும்பகுதி அக்ரிலிக் என்னும் செயற்கை நூல். சுற்றியிருந்த தாள் தொலைந்த உருண்டையென்றால், ஒரு விரல்நீளத் துண்டை வெட்டி, முற்றத்துக் கல்லின் மேல் வைத்துக் கொளுத்திப் பார்த்தால் போதும். ஆட்டு உரோமமாயின் தலைமயிர் கருகிய மணம் வரும், சாம்பல் விரலில் நொறுங்கும்; பருத்தியாயின் கடதாசி எரிந்த மணம் வரும்; அக்ரிலிக் உருகிச் சுருண்டு, ஆறியபின் கடினமான மணியாக நிற்கும். என் 640 கிராமில் 470 கிராம் அக்ரிலிக், 130 கிராம் பருத்தி, மிகுதி 40 கிராம் மட்டுமே உண்மையான கம்பளி. இம்மூன்றையும் ஒரே துணியில் கலக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். பருத்தி நனைந்ததும் கனத்துத் தொங்கும், கம்பளி வெந்நீரிலும் உரசலிலும் சுருங்கி இறுகும், அக்ரிலிக் எதுவும் நடவாததுபோல் கிடக்கும், ஆகவே மூன்றாம் சலவையில் துணி கோணலாகிவிடும்.

ஒப்பீட்டுக்கு ஒரே பொருளை எடுத்துக்கொண்டேன்: 75 சென்ரிமீற்றர் அகலமும் 90 சென்ரிமீற்றர் நீளமும் உடைய மடிப்போர்வை. இந்த ஊரில் போர்வைக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள், கொழும்புக்குப் போகும் குளிரூட்டிய இரவு பஸ்ஸில் ஏறி, ஏறத்தாழ 400 கிலோமீற்றரை முழங்கால் நடுங்க ஒருமுறை கடந்து பார்க்கலாம்.

முதலாவது, நம்மில் பலருக்குக் கை பழகிய குறோசே சதுரம். நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுற்றுச் சுற்றாக வளரும் இது, ஒரே கொக்கியால் முடிவது. எந்த நேரத்திலும் ஒரு கண்ணி, அதாவது ஒரு நூல் வளையம், மட்டுமே திறந்திருப்பதால், கேற்றடியில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று போட்டுவிட்டு எழுந்தாலும் வேலை கழன்று போகாது. இரண்டு மூன்று கிராம் நூல்கூட ஒரு சுற்றுக்குப் பயன்படும் என்பதால், மிகச் சிறிய மிச்சங்களுக்கு இதைவிட இடங்கொடுக்கும் பின்னல் வேறில்லை. இடையிடையே துளைகள் இருப்பதால் துணி பாரமற்று இருக்கும், மாரியிலும் கொடியில் விரைவாகக் காயும். ஆனால் கணக்கைப் பாருங்கள். நான்கு சுற்று, நான்கு நிறம் என்று போட்டால் ஒரு சதுரத்தில் எட்டு நூல் முனைகள் மிஞ்சும். ஏறத்தாழ பத்தரைச் சென்ரிமீற்றர் சதுரங்கள், அகலத்துக்கு 7 நீளத்துக்கு 9 என 63 வேண்டும். ஆகவே மறைக்க வேண்டிய முனைகள் 504. முனையின் மேலேயே அடுத்த சுற்றைப் பின்னி மறைத்துவிடலாம் என்று சொல்வார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். துளைகள் அகலமானவை என்பதால், இரண்டு சலவைக்குப் பிறகு ஒவ்வொரு துளையிலிருந்தும் ஒரு மீசை எட்டிப் பார்த்தது. முனையை ஊசியில் கோத்து ஒரு பக்கம் ஓட்டி, திரும்பவும் எதிர்ப்பக்கம் ஓட்டினால்தான் நிற்கும். அதன்பின் 63 சதுரங்களையும் ஒன்றோடொன்று பொருத்தும் வேலை இருக்கிறது. பெரும்பாலான போர்வைகள் பெட்டிக்குள் சதுரங்களாகவே வயதாவது இந்தக் கட்டத்திலேதான்.

இரண்டாவது, பின்னலூசிகளால் போடும் மூலைச் சதுரம். 4 மில்லிமீற்றர் ஊசியில் 31 கண்ணிகளைப் போட்டு, எல்லா வரிகளையும் நேர்ப்பின்னலாகவே, அதாவது வரிக்கு வரி மாற்றாமல் ஒரே விதமாகவே, பின்னி, ஒன்றுவிட்ட ஒரு வரியில் நடுக் கண்ணியையும் அதன் இருபக்கத்துக் கண்ணிகளையும் சேர்த்து ஒன்றாக்கி வந்தால், 31 என்பது 29 ஆகி, 27 ஆகி, இறுதியில் ஒற்றைக் கண்ணியில் முடியும். நடுவில் மூலைவிட்டமாக ஒரு கோடு விழ, பக்கத்துக்கு ஏழரைச் சென்ரிமீற்றர் அளவில் ஒரு சதுரம் கிடைக்கும். இதன் சிறப்பு அடுத்த சதுரத்தில்தான் தெரியும்: அதற்கான கண்ணிகளில் ஒரு பகுதியை முந்திய சதுரத்தின் விளிம்பிலிருந்தே எடுத்துக்கொள்வதால், பின்னும்போதே துணி பொருந்திவிடுகிறது, தையல் என்ற சொல்லுக்கே இடமில்லை. ஒரு சதுரத்துக்கு எனக்கு ஏறத்தாழ 3 கிராம் போனது. அகலத்துக்கு 10 நீளத்துக்கு 12 என 120 சதுரத்துக்கு 360 கிராம். முனைகள் சதுரத்துக்கு இரண்டு மட்டுமே, மொத்தம் 240. அதாவது முந்தியதில் பாதிக்கும் குறைவு. துணி இறுக்கமானதால் ஓட்டிய முனையும் வெளியே வருவதில்லை.

குறை இல்லை என்று சொல்லமாட்டேன். என் கைக்கு ஒரு சதுரம் அரை மணித்தியாலம் எடுத்தது. 120க்கு 60 மணித்தியாலம், இதில் அவசரத்துக்கு வழியே இல்லை. துணி தடித்தது, நனைந்தால் கனக்கும், மாரியில் இரண்டு நாள் கொடியில் கிடக்கும். ஒட்டி ஒட்டி வளர்வதால் பாதிக்கு மேல் முழுப் போர்வையும் மடியில் கிடக்கும். பங்குனி வெயிலில் இது சிறு தண்டனை. அதற்காகவே நான் 5க்கு 6 என்று 30 சதுரங்கள் கொண்ட நான்கு துண்டுகளாகப் பின்னி, கடைசியில் அந்த நான்கை மட்டும் பொருத்தினேன். தையலே இல்லை என்ற பெருமை அங்கே சற்று அடிபட்டது உண்மைதான்.

மூன்றாவது, நீளவாட்டில் கோடு கோடாகப் போடும் வரிப் பின்னல். 90 சென்ரிமீற்றர் நீளத்தையே ஊசியில் ஏற்றினால் ஏறத்தாழ 180 கண்ணிகள் வரும். ஒவ்வொரு வரிக்கும் புதிய நூலைத் தொடங்கி, இரு ஓரங்களிலும் ஒரு சாண் நூலைத் தொங்கவிட்டுவந்தால், அந்த முனைகளே பின்னர் குஞ்சங்களாகிவிடும். மறைக்க வேண்டிய முனை ஒன்றுகூட இல்லை என்பதால், சோம்பலுக்கு முதற்பரிசு கொடுப்பவர்கள் இதைத்தான் தேர்வார்கள். நான் அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் நேர்ப்பின்னலில் ஒரு வரிக்குத் துணியின் நீளத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேல் நூல் வேண்டும்; குஞ்சத்தையும் சேர்த்தால் மூன்றரை மீற்றர் போய்விடும். 100 கிராம் உருண்டையில் 300 மீற்றர் இருக்கிறது என்று கொண்டால், 5 கிராம் மிச்சம் 15 மீற்றர். அது நான்கு வரிக்குப் போதும், ஐந்தாவது நடுவழியில் நின்றுவிடும். ஆகவே வரியைத் தொடங்குமுன் தராசில் வைக்காதவர்களுக்கு இந்த முறை ஆகாது. நடுவரியில் முடிச்சுப் போட்டுத் தொடரலாம் என்று நினைக்கவே வேண்டாம். முடிச்சு ஒருநாள் மறுபக்கம் புகுந்து வெளியே வரும்.

இரண்டு நூல்களை ஒன்றாகப் பிடித்து 6 மில்லிமீற்றர் ஊசியில் பின்னும் முறையும் உண்டு. மிச்சத்தை விரைவாகத் தீர்ப்பதில் அதற்கு இணையில்லை. ஆனால் துணி பாரமாகிப் போர்வைக்கு உதவாது, கதிரைக்கு மெத்தையாகவோ வாசலுக்குக் கால்மிதியாகவோதான் உதவும். செய்வதானால், ஒரு நிறத்தைத் தொடக்கம் முதல் முடிவுவரை மாறாமல் வைத்து, மற்ற நூலை மட்டும் மாற்றிக்கொண்டு போவது நல்லது. இல்லாவிட்டால் கோவில் திருவிழாவுக்கு அடுத்தநாள் வீதியில் கிடக்கும் நிறத்தாள்கள்போல் ஆகிவிடும்.

என் தேர்வு மூலைச் சதுரம்தான். பின்னலூசி பழகாத, கொக்கி மட்டும் பழகிய ஒருவருக்கு, அதற்காகப் புதிதாக ஊசி பழகு என்று சொல்லமாட்டேன். அவர் ஒரு சதுரத்துக்கு ஒரே நிறம் என்று வைத்துக்கொண்டால் முனைகள் 504 இலிருந்து 126 ஆகக் குறைந்து, என் கணக்கையே தோற்கடித்துவிடும். அப்போது அந்தச் சதுரத்தின் அழகு போய்விடும் என்று என் சின்னம்மா வாதிடுகிறார். நிறம் மாறாத குறோசே சதுரம் சீனி போடாத பாயசம் என்பது அவருடைய கட்சி.

பருத்திக்கு இந்தப் போட்டியில் இடமில்லை. தண்ணீரை உறிஞ்சும் அதன் குணம் பாத்திரம் துடைக்கும் துணிக்கும், பானை இறக்கும் பிடிதுணிக்கும் உரியது. பிடிதுணியில் ஓர் இழை அக்ரிலிக்கைக்கூடச் சேர்க்க வேண்டாம். கல்லின் மேல் உருகியது சூடான பானையின் கைபிடியிலும் உருகும், கையிலும் ஒட்டும். 40 கிராம் கம்பளி, வேப்பிலையோடு ஒரு டப்பாவுக்குள் போயிருக்கிறது; நுவரெலியாவில் மாற்றலாகியிருக்கும் தம்பி மகனுக்கு ஒரு தொப்பிக்கு அது போதும். பிறந்த பிள்ளையின் தொப்பிக்கு மென்மையான அக்ரிலிக் 20 கிராம் அளவில் போதுமானது, கோடு கோடாகவும் போடலாம். ஆனால் கையுறையை மட்டும் ஒரே நிறத்தில் முடியுங்கள், உட்பக்கம் தளர்ந்த இழைகள் குழந்தையின் விரலில் சுற்றிக்கொள்ளக்கூடும்.

இவ்வளவுக்கும் பிறகு மிஞ்சும் விரல்நீளத் துண்டுகளை நான் ஒரு பழைய ஹோர்லிக்ஸ் போத்தலில் போட்டுவருகிறேன். அது நிறைந்ததும் ஊசி குத்திவைக்கும் சிறு தலையணைக்குள் போகும். இப்போது போத்தல் முக்கால்வாசி வந்துவிட்டது.