உயர் நீதிமன்றமா, டோரிக் தூணா, மாமல்லபுரமா: பழைய பட அட்டைகளில் கலங்கரை விளக்கம்

பழைய பட அஞ்சல் அட்டைகளில் சென்னைக் கரையோரக் கலங்கரை விளக்கங்களை மட்டும் சேர்க்க விரும்புபவர் முன் மூன்று தெரிவுகள் உள்ளன. 1844 முதல் விளக்கேந்திய, பழைய கிரேக்கப் பாணியிலான டோரிக் தூண், 1894இல் அதற்கு மாற்றாக உயர் நீதிமன்றத்தின் உயர்ந்த கோபுரத்துக்கு ஏறிய விளக்கு, மாமல்லபுரப் பாறைமேல் நிற்கும் வட்டமான கற்கோபுரம் ஆகியவையே அவை. மெரினாவில் 1977 முதல் எரியும் முக்கோணக் கோபுரத்தின் வண்ண அட்டைகளை இந்தப் போட்டியில் நான் சேர்க்கவில்லை. அவற்றை வாங்கத் தேடலும் வேண்டாம், யோசனையும் வேண்டாம்.

மூன்றில் எளிதாகக் கைக்கு வருவது உயர் நீதிமன்ற அட்டைதான். 1892இல் திறக்கப்பட்ட அந்தச் செங்கல் மாளிகை, துறைமுகத்தில் இறங்கியவர் கண்ணில் முதலில் படும் கட்டடங்களுள் ஒன்று என்பதால், ஹிக்கின்பாதம்ஸ் உள்ளிட்ட பதிப்பாளர்கள் அதைப் பல கோணங்களில் அட்டையாக்கி விற்றனர். ஆனால் கலங்கரை விளக்கம் சேர்ப்பவருக்கு அதில் ஒரு குறை உண்டு. படத்தின் அடியில் நீதிமன்றத்தின் பெயர் இருக்கும், விளக்கின் பெயர் பெரும்பாலும் இருக்காது. விளக்கறையோ கோபுர உச்சியில் மிளகளவே தெரியும். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தால், கொலோடைப் எனும் பழைய ஜெலட்டின் தகட்டு முறையில் அச்சான அட்டையில் சுருங்கிய தோல் போன்ற நுண்ரேகைகள் அந்த மிளகையும் விழுங்கியிருக்கும். வண்ணம் ஏற்றிய அட்டைகளில் நிலைமை இன்னும் மோசம். செங்கல்லுக்கு எந்தச் சிவப்பு என்பதைச் சென்னையைக் கண்டிராத ஒருவர் தீர்மானித்தது போலிருக்கும்.

டோரிக் தூணின் கதை வேறு. கேப்டன் ஜே. டி. ஸ்மித் வடிவமைத்த, சுமார் 125 அடி உயரமுள்ள அந்தத் தூண் இன்றும் நீதிமன்ற வளாகத்தில்தான் நிற்கிறது. அதை மட்டும் மையமாக வைத்த அட்டை அரிது. நீதிமன்ற அட்டையின் ஓரத்தில், பெயர் சொல்லப்படாத விருந்தாளியாக அது தலைகாட்டுவதே வழக்கம். இங்கே சேகரிப்பாளர் ஏமாறக்கூடிய இடம் ஒன்றுண்டு. இந்தியாவில் பட அட்டைகள் பெருகியது 1890களின் கடைசியிலும் அதற்குப் பிறகும்தான். தூணின் விளக்கு அணைந்ததோ 1894இல். ஆகவே "எரியும் காலத்துத் தூண்" என்று சொல்லி யாராவது ஓர் அட்டையைக் கூடுதல் விலைக்கு நீட்டினால், அது ஓய்வுபெற்ற தூணின் படம் என்றே கொள்ள வேண்டும்.

மாமல்லபுரத்தில் அந்தச் சிக்கல் இல்லை. மகிஷாசுரமர்த்தினி குகைக்கு மேலே, பல்லவர் காலத்து ஒலக்கணேசுவரர் கோயிலின் கூரையே ஒருகாலத்தில் விளக்கைத் தாங்கியது. விமானத்தை இழந்து தட்டையாகிப்போன கூரை அதற்கு வசதியாக இருந்தது போலும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அங்கிருந்து சில அடிகள் தள்ளிப் புதிய கற்கோபுரம் எழுந்தது. பட அட்டை மோகம் உச்சத்தில் இருந்ததும் அதே ஆண்டுகளில்தான். எனவே கோயிலும் கோபுரமும் ஒரே சட்டத்துக்குள் அடங்கிய அட்டையில், விளக்கு இருந்த இடமும் போன இடமும் பக்கத்துப் பக்கத்தில் தெரியும். பாறையும் வானமுமே பின்னணி என்பதால், கோபுரத்தின் கல் வரிசைகளைக்கூட நல்ல அச்சில் எண்ணிவிடலாம்.

எதை வாங்கினாலும் முதலில் பின்பக்கத்தைத் திருப்ப வேண்டும். முகவரிக்கு மட்டுமே இடம்விட்டு, செய்திக்காகப் படத்தின் ஓரத்தில் வெள்ளை விளிம்பு வைத்திருந்தால், அட்டை பழைய வகை. நடுக்கோடு போட்டுப் பிரித்த பின்பக்கத்தைப் பிரிட்டன் 1902இல்தான் அனுமதித்தது. நான் ஒருமுறை இந்தச் சோதனையைச் செய்யாமல் மாமல்லபுர அட்டை ஒன்றை வாங்கி வந்தேன். மூலைகள் தேநீர் நிறத்தில் பழுத்திருந்ததில் மயங்கிவிட்டேன். வீட்டில் கண்ணாடியை வைத்தபோது சீரான புள்ளிக் கட்டங்கள் வரிசை பிசகாமல் நின்றன. கொலோடைப்பில் அப்படிப் புள்ளிகள் இருக்காது. அது அண்மைக்கால மறு அச்சு.

ஒரே ஓர் அட்டைக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் நான் மாமல்லபுரத்தையே எடுப்பேன். பொறுமை இருப்பவர் தூண் தனித்து நிற்கும் அட்டைக்காகக் காத்திருக்கலாம். உயர் நீதிமன்ற அட்டையைப் படத்துக்காக வாங்குவதில் எனக்கு ஆர்வமில்லை. ஒரு விதிவிலக்கு மட்டும் உண்டு. எம்டன் கப்பல் சென்னைமீது குண்டு வீசிய 1914 செப்டம்பர் 22ஐ ஒட்டிய நாட்களின் சென்னை அஞ்சல் முத்திரை அதில் தெளிவாக விழுந்திருந்தால், விலை பேசுவதற்கு முன்பே பின்பக்கத்துக் கையெழுத்தை வாசிக்க உட்கார்ந்துவிடுவேன்.