கீபோர்டில் ஸ்டைல் போடுவதா, வெறும் வொய்ஸா (வாத்தியச் சத்தம் மட்டுமா)?

கிளிநொச்சியில் ஒரு பிறந்தநாள் வீடு. தபேலாக்காரர் வரவில்லையென்றால், கீபோர்டே தாளமும் பின்னணியும் வாசிக்கும் ஸ்டைல்தான் கைகொடுக்கும். பல யமஹா கீபோர்ட்களில் இடது கையால் ஸி கட்டை ஒன்றை அழுத்தினாலே மேஜர் கோர்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்). அதற்கு இடப்பக்கத்துக் கறுப்புக் கட்டையையும் சேர்த்தால் மைனர். சிங்க் ஸ்டார்ட்டைப் போட்டுவிட்டால் முதல் கோர்டோடு தாளமும் தொடங்கும். ஆனால் பாடுபவர் மூச்சு வாங்க நின்றாலும் அது நிற்காது. அங்கேதான் மானம் போகும்!

தேவாலயத்தில் மெதுவான பாட்டென்றால் நான் ஸ்டைலைத் தொடவே மாட்டேன். டூயலில் (இரண்டு வொய்ஸ் ஒன்றாக) பியானோவோடு ஸ்ட்ரிங்ஸ் (வயலின் கூட்டத்தின் சத்தம்), ஸ்ட்ரிங்ஸின் சத்தம் கொஞ்சம் குறைவாக. பாடுபவர் இழுத்தால் நாமும் இழுக்கலாம். இடது கைக்குத்தான் வேலை அதிகம். கோர்ட் முழுவதையும் நாமே பிடிக்கவேண்டும். அப்புறம், ஸ்ப்ளிட்டில் (கட்டைகளை இரண்டாகப் பிரித்து) இடது கைக்கு பேஸ் (தாழ்ந்த சத்தம்) வைத்தால் இன்னும் நல்லது.