சைக்கோபிஜி 3: பட்டியல் அனுப்புவதில் கறார், ஆனால் நல்ல கறார்

பைத்தானில் இருந்து போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸோடு பேச சைக்கோபிஜி 2 என்ற டிரைவரை வைத்துக் காலம் தள்ளியவர்கள், 2021-ல் வந்த 3-க்கு மாறும்போது சீக்கிரமே முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. ஐடி பட்டியலை டியூபிளாக்கி (பைத்தானின் மாற்ற முடியாத பட்டியல்), எஸ்கியூஎல் க்வெரியில் இன் (IN) என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வைத்தால் பழையதில் ஓடும். புதியதில் 'டாலர் ஒன்று பக்கத்தில் சின்டாக்ஸ் எரர்' என்று வந்து நிற்கும். இந்த எரரைப் பார்த்து என்ன தப்பு என்று யாருக்கும் புரியாது, அதற்கு ஒரு ஸ்டார் குறைக்கலாம்.

காரணம் நியாயமானதுதான். பழையது மதிப்புகளை நம் பக்கத்திலேயே க்வெரிக்குள் ஒட்டி முழு வாக்கியமாக அனுப்பும், புதியது க்வெரியைத் தனியாகவும் மதிப்புகளைத் தனியாகவும் சர்வருக்கு அனுப்புவதால், ஒரே இடத்தில் ஒரு மதிப்புதான் உட்கார முடியும். அதனால் இன்-ஐ விட்டுவிட்டு, சமக்குறி போட்டு எனி-க்குள் (= ANY) லிஸ்டை அப்படியே கொடுக்க வேண்டும். ஆயிரம் ஐடி இருந்தாலும் அது ஒரே ஒரு அர்ரே, ஒரே பாராமீட்டர். இன்-க்குள் ஒவ்வொன்றாக விரித்துக்கொண்டே போனால் 65,535-ல் போஸ்ட்கிரஸ் கதவைச் சாத்திவிடும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது காலி லிஸ்ட் விஷயம். இன்-க்குள் வெறும் அடைப்புக்குறி போனால் எரர், அதற்காகவே எல்லா இடத்திலும் ஒரு இஃப் எழுதி வைத்திருப்போம். எனி-யில் அந்தத் தலைவலி இல்லை, சத்தமில்லாமல் பூஜ்ய வரிசை வரும். ஆனால் 'இவை தவிர மற்றவை' என்று ஆல் (<> ALL) போட்டு எழுதும்போது ஜாக்கிரதை: காலி லிஸ்ட் போனால் எல்லா வரிசையும் மாட்டும், டெலீட் க்வெரியாக இருந்தால் டேபிளே காலி! அதே லிஸ்டில் ஒரு நல் (NULL, அதாவது மதிப்பில்லாத இடம்) இருந்துவிட்டால் நேர்மாறு, ஒன்றுமே வராது. இது எஸ்கியூஎல்லின் குணம், டிரைவரைத் திட்டிப் பயனில்லை.

மதிப்புகளைக் கமா போட்டு ஜாயின் செய்து எஃப்-ஸ்ட்ரிங்கில் (பைத்தானில் மதிப்புகளை நடுவே சொருகும் எழுத்துச்சரம்) சொருகும் பழக்கம் உள்ளவர்களையும் சைக்கோபிஜி 3 ஓரளவு கையும் களவுமாகப் பிடித்துவிடும். பைரைட் மாதிரி டைப் செக்கர் (கோடை ஓட்டாமலேயே தப்பைக் காட்டும் கருவி) ஓட்டினால் எக்ஸிக்யூட் வரியிலேயே சிவப்புக் கோடு விழும். டேபிள், நெடுவரிசை (column) பெயர்களை மாற்றி மாற்றி வைக்க வேண்டுமென்றால் அதற்கு ஐடென்டிஃபையர் (sql.Identifier) தனியாக இருக்கிறது.

மாறப் பயப்படுபவர்களுக்கு ஒன்று, எனி-யும் லிஸ்டும் பழைய 2-லேயே ஓடும், இரண்டு பதிப்பையும் ஒரே ப்ராஜெக்டில் போட்டுக்கொள்ளலாம். முதலில் க்வெரிகளை மாற்றுங்கள், டிரைவரை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம். அஞ்சுக்கு நாலு.