மைக்ரோபிட் போர்டு: ரெண்டு வருஷம் எல்லா பாடத்துலயும் ஓட்டிப் பார்த்துட்டு எழுதுறேன்

நான் ஸ்கூல்ல சயின்ஸ் எடுக்குறேன். இன்ஜினியரிங்னா சயின்ஸ் லேபுக்கும் மேத்ஸுக்கும் மட்டும் சொந்தம்ங்கிற நெனப்பு போகணும், ஹிஸ்டரி மிஸ், பி.டி. சார், மொழிப்பாடம் எடுக்குறவங்கன்னு எல்லாருமே அவங்கவங்க கிளாஸ்லயே அதைத் தொடணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை. இதுக்கு முன்னாடி ஒரு கம்பெனிகிட்ட ரோபோ கிட் வாங்கினோம், பேர் வேணாம். புக்குல போட்டிருக்குறபடி மாட்டினா வண்டி கறுப்புக் கோட்டு மேல ஓடும், அதோட சரி. பசங்க படத்தைப் பார்த்து மாட்டினாங்களே தவிர யோசிக்க அதுல எடமே இல்ல, ரெண்டு மாசத்துல பீரோவுக்குள்ள போயிருச்சு.

அதுக்கப்புறம்தான் மைக்ரோபிட். உள்ளங்கையில அடங்குற குட்டி கம்ப்யூட்டர் போர்டு, முன்னாடி 25 குட்டி எல்இடி, ஏ பி ன்னு ரெண்டு பட்டன், அசைவையும் திசையையும் பார்க்குற சென்சார், ப்ளூடூத். 2016ல பிரிட்டன்ல கிட்டத்தட்ட பத்து லட்சம் பசங்களுக்கு இலவசமா கொடுத்தாங்களே, அதேதான். 2020ல வந்த ரெண்டாவது வெர்ஷன் வி2ல ஸ்பீக்கரும் மைக்கும் சேர்த்திருக்காங்க, வாங்கினா அதையே வாங்குங்க. கோடிங்குக்கு மேக்கோட்ங்கிற வெப்சைட்ல பிளாக்கை இழுத்துப் போட்டா போதும், பெரிய பசங்க பைதான்ங்கிற கோடிங் மொழியில எழுதலாம். எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது, தப்புன்னு தெரிஞ்சா மாத்தி திரும்ப ஏத்த ஒரு நிமிஷம்கூட ஆகாது, அதனால தப்பு பண்ண பசங்களுக்கு பயமே வர்றதில்ல.

பி.டி. சார் கிளாஸ்ல நடந்ததை சொல்றேன். எத்தன அடி நடந்தோம்னு எண்ணுற மெஷின் வேணும்னு அவர்தான் கேட்டாரு. பசங்க போர்டு குலுங்குறதைக் கண்டுபிடிக்கிற "ஷேக்" பிளாக்கைப் போட்டு கால்ல கட்டிட்டு நூறு அடி நடந்தாங்க, ஸ்கிரீன்ல 41. ஏன்னு பார்க்க வி2ல இருக்குற டேட்டா லாகிங்கை (சென்சார் காட்டுற நம்பரைப் பதிஞ்சு வெக்கிறது) ஆன் பண்ணி நடந்துட்டு, போர்டை கம்ப்யூட்டர்ல சொருகி அந்த நம்பரையெல்லாம் கிராஃபா பார்த்தா, சும்மா நிக்கும்போது ஆயிரத்துக்குப் பக்கத்துல இருக்கு (புவியீர்ப்பு அவ்ளோ, மில்லி-ஜி கணக்குல), கால் தரையில படும்போதெல்லாம் மேல எகிறுது. எந்த நம்பரைத் தாண்டினா ஒரு அடின்னு எண்ணலாம்னு மேத்ஸ் மிஸ் அதே கிராஃபை வெச்சு ஒரு பீரியட் ஃபுல்லா எடுத்தாங்க. மாத்திட்டு நடந்தா இப்ப 180 காட்டுது! ஒரே அடியை ரெண்டு தடவ எண்ணுது, ஏன்னா நம்பர் கீழ எறங்குறதுக்குள்ள போர்டு மறுபடியும் பார்த்துடுது. ஒரு பொண்ணு ஒவ்வொரு அடியை எண்ணினதும் 300 மில்லிசெகண்ட் நிறுத்துற மாதிரி "பாஸ்" (pause) பிளாக் போட்டா, 97 வந்துச்சு. அந்த கத்தல் ஸ்டாஃப் ரூம் வரைக்கும் கேட்டுச்சு.

அதே மெஷினுக்கு மொழிப்பாடத்துல யூஸ் பண்ற முறை எழுத வெச்சோம். ஒரு பையன் "பட்டனை அழுத்தவும்"னு மட்டும் எழுதியிருந்தான், அதைப் படிச்ச வேற கிளாஸ் பையன் பின்னாடி இருக்குற ரீசெட் பட்டனை அழுத்திட்டான், எண்ணினதெல்லாம் ஜீரோ ஆயிருச்சு. மூணு தடவ திருத்தி எழுதினான், யாரும் சொல்லாமலே. பத்து கட்டுரை திருத்தினாலும் எனக்கு தெரிஞ்சு இப்படி நடக்காது.

ஹிஸ்டரி மிஸ் சீனாவுல கி.பி. 132ல ஜாங் ஹெங் செஞ்ச நிலநடுக்கக் கருவியப் பத்தி சொல்லி, டிராகன் வாயில இருந்து தவளை வாய்க்குள்ள உருண்டை விழும்னு படம் வரைஞ்சு காட்டினாங்க. ஜியாகிரஃபி சார் பேப்பர் டவர் உச்சியில மைக்ரோபிட்டை ஒட்டி நிலநடுக்கம் மாதிரி மேஜையை ஆட்டச் சொன்னாரு. எந்த டவர் கம்மியா ஆடுதுன்னு போட்டி போட்டு குறுக்குக் கம்பி மாதிரி பேப்பர் சுருள் வெச்சுப் பார்த்தாங்க, முக்கோணமா வெச்சது நல்லா நின்னுச்சு.

எல்லாமே சரியா வந்துச்சுன்னு சொல்ல மாட்டேன். நான் அவசரப்பட்டு சிவிக்ஸ்ல நுழைச்சேன், எல்இடியில ஒரு படம் மின்னுச்சு, அதுக்கும் பாடத்துக்கும் சம்பந்தமே இல்ல. அன்னையிலிருந்து பிரச்சனைய அந்தப் பாடம் எடுக்குறவங்கதான் சொல்லணும், போர்டு அப்புறம்தான் வெளிய வரணும்னு முடிவு பண்ணிட்டோம்.

வாங்குறவங்க கவனிக்க சிலது இருக்கு. டெம்பரேச்சர் சென்சார் சிப்போட சூட்டைத்தான் காட்டும், ரூமோட சூட்டை விட கொஞ்சம் ஜாஸ்தியா வரும், தெர்மாமீட்டர் பக்கத்துல வெச்சு எவ்ளோ கழிக்கணும்னு கண்டுபிடிக்க வைங்க, அதுவே நல்ல பாடம். திசைமானிய முதல்ல போர்டைச் சாய்ச்சு சாய்ச்சு செட் பண்ணணும், இரும்பு மேஜை பக்கத்துல வேணாம். வெறும் போர்டை மெட்டல் மேல வைக்காதீங்க, ஷார்ட் ஆகும். போர்டுல வயரை மாட்டுற முதலை கிளிப் லேசா இழுத்தாலே நழுவும், பாதி நேரம் "சார் வேல செய்யல"ங்கிறது அதனாலதான். போன்ல இருந்தும் கோடை ஏத்தலாம், ஆனா போனையும் போர்டையும் ப்ளூடூத்ல பேரிங் பண்றதுக்குள்ள பாதி பீரியட் போயிரும், யுஎஸ்பி கேபிள்தான் நிம்மதி.

ரெண்டு பேருக்கு ஒண்ணுன்னு ஒரே ஒரு கிளாஸுக்கு மட்டும் முதல்ல வாங்குங்க, மோட்டார் சக்கரம் செட்டெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம், சயின்ஸ் எடுக்காத ஒருத்தர் கையில முதல் போர்டைக் குடுங்க. எங்க ஸ்கூல்ல இப்ப மியூசிக் மிஸ் நாலு போர்டை வாங்கிட்டுப் போயிருக்காங்க, ஸ்பீக்கர்ல 440 ஹெர்ட்ஸ் சுரத்தை வெச்சு பசங்க செஞ்ச ரப்பர்பேண்டு வீணைய டியூன் பண்ணப் போறாங்களாம்.