விட்டு விட்டு வரும் கரும்புகை: இ.ஜி.ஆர். வால்வா, டர்போ ஹோஸா, இன்ஜெக்டரா?

தினமும் ஒரே மாதிரி புகை விடும் வண்டியைச் சரிசெய்வது எளிது. மூன்று நாள் ஒழுங்காக ஓடிவிட்டு, நான்காம் நாள் ஒரு மேட்டில் கரும்புகையைக் கக்கி, ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் இழுக்காமல் திணறி, அப்புறம் தானாகவே சரியாகிவிடும் வண்டிதான் ஆளைப் படுத்தும். மெக்கானிக்கிடம் கொண்டுபோய் நிறுத்தினால் அங்கே சமர்த்தாக ஓடும். பழைய டர்போ டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த தொல்லை.

தேய்ந்துபோன பாகம் தன் குறையைத் தினமும் காட்டும். பிஸ்டன் ரிங் தேய்ந்த இன்ஜினில் நேற்று நல்ல கம்ப்ரஷன், இன்று இல்லை என்று இருக்காது. கோளாறு வந்து வந்து போகிறதென்றால் அங்கே ஏதோ ஒன்று அசைகிறது: ஒட்டிக்கொண்டு பிறகு விடுபடும் வால்வு, அழுத்தம் ஏறினால் மட்டும் வாய் பிளக்கும் விரிசல், சிக்கி நிற்கும் ஊசி. அதனால் எடுத்த எடுப்பில் இன்ஜினைப் பிரிக்கச் சொல்பவரின் பேச்சை நான் ஏற்பதில்லை.

கரும்புகை என்றால் ஊற்றிய டீசலுக்குப் போதுமான காற்று கிடைக்கவில்லை என்று பொருள். காற்று எங்கோ குறைந்திருக்க வேண்டும், அல்லது டீசல் கூடியிருக்க வேண்டும். இ.ஜி.ஆர். வால்வும், டர்போ அழுத்தும் காற்றை இன்ஜினுக்குக் கொண்டுபோகும் டர்போ ஹோஸும் காற்றுப் பக்கம். சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் டீசல் பக்கம். புகை நீலமாக வந்தால் எரிவது இன்ஜின் ஆயில். வெள்ளைப் புகையோடு கூலன்ட் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும். அவை இரண்டும் வேறு கதை.

முதலில் காற்றுப் பக்கத்து இருவரையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். இ.ஜி.ஆர். வால்வு, எரிந்து வெளியேறும் புகையில் ஒரு பங்கைத் திரும்ப இன்ஜினுக்குள் அனுப்புகிறது. எரியும் சூடு தணிந்து நைட்ரஜன் ஆக்சைடு குறைய வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. லேசான ஓட்டத்தில் திறந்திருக்கும், முழுதாக மிதிக்கும்போது மூடிக்கொள்ள வேண்டும். வருடக்கணக்கில் கரியும் ஆயில் ஆவியும் சேர்ந்து தார் போலப் படிந்தால், அது பாதி திறந்த நிலையில் சிக்கிவிடும். அப்போது காற்று போக வேண்டிய இடத்தைப் புகை அடைத்துக்கொள்ளும்.

டர்போ ஹோஸ் கதை இதற்கு நேர் எதிர். டர்போ அழுத்தி அனுப்பும் காற்று, அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வழியாக இன்ஜினுக்குப் போகும் பாதையில் ஒரு விரிசல் இருக்கிறது. வரும் காற்றை முதலிலேயே அளந்துவிடும் வண்டிகளில், அளந்த காற்று முழுவதும் உள்ளே வந்துவிட்டதாக நினைத்து இன்ஜின் கம்ப்யூட்டர் டீசலை ஊற்றுகிறது. பாதிக் காற்று வழியிலேயே வெளியேறிவிடுகிறது, மிஞ்சிய டீசல் கரியாக வருகிறது.

இரண்டையும் பிரித்துக் காட்டுவது புகை வரும் நேரம். இ.ஜி.ஆர். சிக்கினால் கீழ் சுற்றிலேயே தொல்லை தெரியும்: ஐடிலில் (வண்டி நிற்க இன்ஜின் மட்டும் ஓடும்போது) நடுக்கம், வண்டி கிளம்பும்போதே மந்தம். ஹோஸ் விரிசலில் ஐடில் வெண்ணெய் மாதிரி இருக்கும். டர்போ வேகம் பிடிக்கும் நிமிடத்துக்குச் சுமார் 1,800, 2,000 சுற்றுக்கு மேல்தான் ‘உஸ்’ என்ற சத்தமும் புகையும் சேர்ந்து வரும். வண்டியை நிறுத்தினால் அழுத்தம் இல்லை, விரிசலும் மூடிக்கொள்ளும். நிறுத்தி வைத்துப் பார்ப்பவர் கண்ணில் படாமல் போவது இதனால்தான்.

என் வண்டியில் இதுவே நடந்தது. இன்ஜெக்டர் போய்விட்டது என்றார்கள், கழற்றிச் சோதித்ததில் நான்கும் நன்றாகவே இருந்தன. கடைசியில் இன்டர்கூலருக்குக் கீழே போகும் ஹோஸின் அடிப்பக்கத்தில், கிளாம்புக்கு ஒட்டி, விரல் நீளத்துக்கு ஒரு பிளவு. கையால் வளைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அந்த இடத்தைச் சுற்றி மட்டும் ஆயில் ஈரம் படிந்து தூசி ஒட்டியிருந்தது. அப்போதிருந்து முதலில் ஆயில் கசிந்த தடத்தைத்தான் தேடுகிறேன்.

இ.ஜி.ஆரைச் சோதிக்க, வேக்கூமில் (காற்றை உறிஞ்சும் இழுவிசையில்) இயங்கும் பழைய வகையில் அதற்கு வரும் சிறு வேக்கூம் குழாயைக் கழற்றி, குழாயின் வாயை அடைத்துவிட்டு ஓட்டிப் பார்க்கலாம். தொல்லை நின்றால் சந்தேகம் உறுதிப்படும். நிற்காவிட்டாலும் வால்வு குற்றமற்றது என்று முடிவுகட்ட வேண்டாம். கரியில் சிக்கித் திறந்தே நிற்கும் வால்வுக்கு வேக்கூம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். கழற்றிச் சுத்தம் செய்து பார்ப்பதே சரி.

இப்போது இன்ஜெக்டர். செலவு மிகுந்த சந்தேகம் இது. ஐடிலில் டக் டக் என்ற தட்டல், குளிர்ந்த இன்ஜினை எடுக்கும்போது டீசல் வாடையோடு வெள்ளைப் புகை, ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங், இவை சேர்ந்து வந்தால் இதன் மேல் கை வைக்கலாம். ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் டேங்க்குக்குத் திரும்பும் டீசலைத் தனித்தனிப் பாட்டில்களில் பிடித்து அளப்பார்கள், ஒன்று மட்டும் மற்றவற்றைவிட வேகமாக நிரம்பினால் அதில் உள்கசிவு இருக்கிறது. ஆனால் இந்தச் சோதனையில் தேறிய இன்ஜெக்டரின் நுனி சொட்டிக்கொண்டும் இருக்கலாம். கரும்புகைக்குக் காரணம் அந்தச் சொட்டல். அதைக் கழற்றிச் சோதனை பெஞ்சில் வைத்துத்தான் பார்க்க முடியும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய பம்ப் வகை இன்ஜினில் ஓடும்போதே குழாய் நட்டைத் தளர்த்தி மிஸ்ஸிங் சிலிண்டரைக் கண்டுபிடிக்கும் பழக்கம் உண்டு. எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் இன்ஜினில் அதைச் செய்யவே கூடாது. உள்ளே 1,000 பாருக்கு மேல் அழுத்தம் இருக்கலாம், பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

புகையே இல்லாமல் இழுவை மட்டும் போனால் மேலே சொன்ன மூவரையும் விட்டுவிடுங்கள். மேட்டில் மெல்ல மெல்லச் சோர்ந்தால் டீசல் ஃபில்டர். சட்டென்று இழுவை போய், சாவியை அணைத்துப் போட்டதும் திரும்பி வந்தால், டர்போவுக்குள் இருக்கும் அசையும் தகடுகள் சிக்கி, கம்ப்யூட்டர் தற்காப்புக்காகச் சக்தியைக் குறைத்திருக்க வாய்ப்பு அதிகம்.

ஸ்கேனரா, காது கண்ணா என்ற விவாதமும் உண்டு. ஸ்கேனரைச் செருகி இன்ஜின் கம்ப்யூட்டர் பதிந்த கோளாறுகளைப் படிக்க உதவும் ஓ.பி.டி. இணைப்பு அமெரிக்காவில் 1996 முதலும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் டீசல் கார்களுக்கு 2004 முதலும் கட்டாயமானது. அதற்கு முந்தைய வண்டிக்குக் கண்ணும் காதும்தான் துணை. இணைப்பு இருக்கும் வண்டியிலும் பி0299 என்ற பிழைக் குறியீடு டர்போ அழுத்தம் குறைவு என்று மட்டும் சொல்லும். காரணம் ஹோஸா, தகடா, வேக்கூம் குழாயா என்று சொல்லாது. குறியீட்டை மட்டும் பார்த்து டர்போவை மாற்றியவர்கள் உண்டு. கம்ப்யூட்டர் கேட்ட டர்போ அழுத்தமும் கிடைத்த அழுத்தமும் ஓடும்போது எப்படிப் பிரிகின்றன என்று பார்ப்பதில்தான் ஸ்கேனரின் பயன் இருக்கிறது.

என் வரிசை இது: ஏர் ஃபில்டர், ஹோஸ்கள், வேக்கூம் குழாய்கள், அப்புறம் இ.ஜி.ஆர்., கடைசியாக இன்ஜெக்டர். ஒவ்வொன்றுக்கும் பிறகு அதே மேடு, அதே கியர், அதே சுமையோடு ஓட்டிப் பாருங்கள். பின்னால் வேறொரு வண்டியில் வரும் ஒருவர் சைலன்சரைக் கவனிக்கட்டும், ஓட்டுபவர் கண்ணுக்குப் பாதிப் புகை தெரிவதில்லை.