விற்றவர் வெளிநாட்டில், கார் ஊரில்: பெயர் மாற்ற எந்த வழி நல்லது?

காரும் பணமும் கைமாறிவிட்டன, ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) பெயர் மட்டும் பழையபடியே கிடக்கிறது. விற்றவர் சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். தமிழ்நாட்டில் அடிக்கடி நடக்கும் சங்கதி இது. ‘வண்டி அவர் ஓட்டுகிறார், நமக்கென்ன’ என்று விற்றவர் இருந்துவிட முடியாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் யார் பெயரில் பதிவு இருக்கிறதோ அவரைத்தான் உரிமையாளர் என்கிறது. 2007-ல் விற்கப்பட்ட ஒரு கார், அதன் பிறகும் கை மாறிக் கை மாறிப் போய், 2009-ல் விபத்தில் சிக்கியது. ஆர்.சி.யில் முதலில் விற்றவரின் பெயரே இருந்ததால் இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆகவே எந்த வழியைத் தேர்ந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பெயர் மாறும் வரை ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நடையாய் நடக்கப்போவது யார், அவர் யாருடைய ஆள்? செலவு, அலைச்சல் எல்லாம் அதற்குப் பிறகு.

நடைமுறையில் மூன்று வழிகள் இருக்கின்றன. விமானம் ஏறும் முன் படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவது, நமக்காகச் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பவர் பத்திரம் கொடுப்பது, பதிவு பெற்ற பழைய கார் டீலரிடம் ஒப்படைப்பது. மூன்றில் பவர் பத்திரமே மேல் என்பது என் முடிவு. ஆனால் அதை எழுதும் விதத்தில் எழுதினால்தான்.

முதல் வழியைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். விற்றதைத் தெரிவிக்கும் படிவம் 29 இரண்டு பிரதி, பெயர் மாற்ற விண்ணப்பமான படிவம் 30, இவற்றில் தேதியும் வாங்குபவர் பெயரும் எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டுப் புரோக்கரிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். காசு செலவில்லை, அதனால்தான் எல்லோரும் செய்கிறார்கள். அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு புரோக்கர் ஒருவருக்கு விற்பார், அவர் இன்னொருவருக்கு விற்பார், பெயர் மாற்றுவதை யாரும் அவசரமாக நினைக்க மாட்டார்கள். சட்டப்படி விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். தேதியே இல்லாத படிவத்தில் அந்தக் கெடு என்று தொடங்கும்? கடைசியில் ஒருவர் பெயர் மாற்றப் போகும்போது, கையெழுத்து ஆவணத்தில் உள்ளதோடு ஒத்துப்போகவில்லை, விற்றவர் நேரில் வரட்டும் என்று திருப்பி அனுப்பினால் கதை அங்கேயே நிற்கும். வெளிநாட்டிலிருந்து கையெழுத்திட்டுக் கூரியரில் அனுப்பும் படிவத்துக்கும் இதே ஆபத்து உண்டு.

டீலர் வழி புதிது. 2022 டிசம்பரில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் திருத்தம் வந்து, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பழைய வண்டி வாங்கி விற்கும் டீலர், ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று (படிவம் 29பி) வாங்கியிருக்க வேண்டும். அது ஐந்து ஆண்டு செல்லும். வண்டியை ஒப்படைத்ததும் படிவம் 29சி மூலம் இணையத்தில் தெரிவித்தால், அதிலிருந்து அந்த டீலரே உரிமையாளராகக் கருதப்படுவார், அதன் பின் நடப்பதற்கு அவரே பொறுப்பு. அடுத்தவர் பெயருக்கு மாற்ற விண்ணப்பிப்பதும் அவர் வேலை. விற்றவரின் பொறுப்பு முடியும் நாள் இவ்வளவு துல்லியமாகப் பதிவாவது இந்த வழியில்தான். கையில் ஒரு வாரமே இருக்கிறது, ஊரில் நம்பிக்கையான ஆள் இல்லை என்றால் இதையே எடுத்துக்கொள்ளலாம். டீலர் தன் லாபத்தைக் கழித்துக்கொண்டுதான் விலை சொல்வார். போர்டு மாட்டிய எல்லா டீலரிடமும் இந்தச் சான்று இருக்கும் என்று எண்ணிவிடவும் வேண்டாம். சான்றைக் கண்ணால் பார்த்து, 29சி-க்கான ஒப்புகை எண்ணை வாங்காமல் சாவியைக் கொடுக்கக் கூடாது.

இனி பவர் பத்திரம். இதில் பெரும்பாலும் நடக்கும் தவறு, பவரை வண்டி வாங்குபவர் பெயரிலேயோ புரோக்கர் பெயரிலேயோ எழுதிவிடுவது. வாங்கியவருக்கு வண்டி கிடைத்துவிட்டது, எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்ற தெம்பும் கிடைத்துவிட்டது. பிறகு அவர் ஏன் அவசரப்படப் போகிறார்? பவர் ஏஜெண்டாக இருக்க வேண்டியவர் விற்பவரின் ஆள்: அப்பா, அண்ணன், மனைவி, நெருங்கிய நண்பர். பெயர் மாறாவிட்டால் வருத்தப்படுகிறவர் கையில்தான் அந்த வேலை இருக்க வேண்டும்.

பத்திரம் அந்த ஒரு வண்டிக்கான ஸ்பெஷல் பவராக இருந்தால் போதும். பதிவு எண், சேசிஸ் எண், என்ஜின் எண் மூன்றையும் ஆர்.சி.யைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். ஒரு எழுத்து பிசகினாலும் கவுன்டரில் திருப்பிவிடுவார்கள். ‘வாகனத்தை விற்க அதிகாரம் அளிக்கிறேன்’ என்ற ஒற்றை வரி போதாது. படிவம் 29, 30-ல் கையெழுத்திடுவது, கடன் இருந்ததானால் அந்தக் குறிப்பை ஆர்.சி.யிலிருந்து நீக்கும் படிவம் 35, வேறு மாநிலத்துக்குப் போகும் வண்டியானால் தடையில்லாச் சான்றுக்கான படிவம் 28, அபராத சலான் கட்டுவது, ஆர்.டி.ஓ. முன் ஆஜராவது, இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுதிக் கொடுப்பது எல்லாவற்றையும் தனித்தனியாகக் குறிப்பிட வேண்டும். பணத்தை ஏஜெண்ட் வாங்கலாமா கூடாதா என்பதும் எழுத்தில் இருக்கட்டும். வேறொருவருக்கு இந்த அதிகாரத்தை மாற்றித் தரக் கூடாது என்று ஒரு வரி, ஆறு மாதக் காலக்கெடு என்று இன்னொரு வரி.

ஊரில் இருக்கும்போதே எழுதினால் முத்திரைத்தாளும் நோட்டரியும்தான் செலவு. போன பிறகு எழுதுவதானால் இந்தியத் தூதரகத்தில் அதிகாரி முன் கையெழுத்திட வேண்டும், அதனால் வீட்டிலேயே கையெழுத்தைப் போட்டு எடுத்துப் போகாதீர்கள். சிங்கப்பூர் போல அப்போஸ்டில் உடன்படிக்கையில் (ஒரு நாட்டு ஆவணத்தை மற்ற நாடுகள் ஏற்கச் செய்யும் சான்று முத்திரைக்கான ஒப்பந்தம்) சேர்ந்த நாடானால், உள்ளூர் நோட்டரி வைத்து அப்போஸ்டில் முத்திரை பெறுவதும் செல்லும். அமீரகம் அதில் இல்லை, அங்கிருப்பவர்களுக்குத் தூதரக வழியே சுலபம். பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள், மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் காட்டி முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். பலர் தவறவிடும் படி இது. வந்த தேதிக்குச் சாட்சி கூரியர் உறைதான், அதைக் கிழித்துப் போடாமல் பத்திரத்தோடு வையுங்கள்.

பவருக்கு ஒரு பலவீனம் உண்டு. கொடுத்தவர் இறந்துவிட்டால் அதுவும் அன்றே செத்துப்போகும். அப்புறம் வாரிசுகள் படிவம் 31 கொடுத்துத் தங்கள் பெயருக்கு மாற்றிய பிறகுதான் விற்பனையே. அதனால்தான் விற்ற அதே வாரத்தில் பெயர் மாற்றத்துக்குப் போட்டுவிட வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

எந்த வழியானாலும் காலைவாரும் சின்ன விஷயம் செல்போன் எண். வாகனப் பதிவுக்கான அரசு இணையதளமான பரிவாகனில் விண்ணப்பம் தொடங்கும்போது, வண்டியோடு இணைத்த எண்ணுக்கு ஓ.டி.பி. போகும். வெளிநாடு போனவரின் பிரீபெய்டு சிம் 90 நாள் பயன்படாமல் கிடந்தால் முடக்கப்படலாம், பிறகு அந்த எண் வேறு யாருக்கோ போய்விடும். கிளம்பும் முன் ஊரில் இருக்கும் ஏஜெண்டின் எண்ணை ஆர்.சி.யில் ஏற்றிவிடுங்கள். வண்டிக்குக் கடன் இருந்தால் அதை அடைத்து ஆர்.சி.யிலிருந்தும் முதலில் நீக்குங்கள். பாங்க் தரும் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) பெரும்பாலும் 90 நாளுக்குத்தான் செல்லும்.

வாங்குபவருக்கும் ஒரு வார்த்தை. விற்றவர் பெயரில் உள்ள இன்சூரன்ஸ் தானாக உங்களுக்கு மாறுவது மூன்றாம் நபர் இழப்பீட்டுக்கு மட்டும்தான். உங்கள் வண்டியின் சேதத்துக்குக் கேட்க வேண்டுமானால், 14 நாளுக்குள் பாலிசியைப் பெயர் மாற்ற எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். பணத்தைப் பாங்க் வழியாகவே கொடுங்கள். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதற்கு வருமான வரிச் சட்டத்தில் தடை இருக்கிறது. விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவரானால் பணம் சேர வேண்டியது அவருடைய என்.ஆர்.ஓ. கணக்கில் (வெளிநாட்டில் வாழ்பவர் இந்தியாவில் வரும் பணத்துக்கு வைத்திருக்கும் பாங்க் கணக்கு).

சுங்கக் கட்டணம் தானாகப் பிடிக்கும் ஃபாஸ்டாகை, வண்டியை விற்ற அன்றே மூடச் சொல்லுங்கள். மூடாவிட்டால், பரனூர் சுங்கச்சாவடியைப் புதியவர் கடக்கும்போதெல்லாம் பழையவர் கணக்கில் பணம் பிடிப்பார்கள். புதிய பெயர் பரிவாகனில் தெரிகிறதா என்று விற்றவர் அங்கிருந்தே பார்க்கலாம். தெரிந்த பிறகு அந்தப் பக்கத்தைச் சேமித்துக்கொண்டு, பவரை எழுத்து மூலம் ரத்து செய்துவிடலாம்.