குழாய் நீரா, ஊற்று நீரா? நீலகிரியில் ஆக்சலாட்டில் வளர்ப்போருக்கு ஓர் ஒப்பீடு

நீரிலேயே வாழும் சாலமாண்டர் வகை உயிரான ஆக்சலாட்டிலின் தாயகமான மெக்சிகோவின் சோச்சிமில்கோ ஏரியும் நம் ஊட்டியும் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய ஒரே உயரத்தில், சுமார் 2,240 மீட்டரில் இருக்கின்றன. 16 முதல் 18 டிகிரி வரை குளிர்ந்த நீரில் வாழும் இவ்வுயிருக்குச் சமவெளிக்காரர்கள் நீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்கியாக வேண்டும். இங்கே அந்தச் செலவு இல்லை. ஆனால் சோச்சிமில்கோவின் நீர் தாது மிகுந்த காரநீர். சுண்ணாம்பில்லாத சார்னோகைட் பாறைகளில் ஓடிவரும் நீலகிரி நீரோ தாது குறைந்து மிக மென்மையானது. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டுத் தொட்டிக்கு எந்த நீர் நல்லது என்று பேசுவதில் பயனில்லை.

ஊற்று நீருக்கு ஆதரவாகச் சொல்லப்படுவன, அது குளோரின் கலவாதது, குளிர்ந்தது, கண்ணாடிபோல் தெளிந்தது என்பவை. அத்தனையும் உண்மைதான். எனினும், ஊற்றுக்கு மேற்புறச் சரிவில் கேரட்டோ உருளைக்கிழங்கோ தேயிலையோ பயிராகிறது என்றால், மழைக்குப் பின் உரமும் பூச்சிக்கொல்லியும் அதில் கலந்திருக்கக்கூடும். செவுள்களால் மட்டுமன்றி மெல்லிய தோலாலும் சுவாசிக்கும் ஆக்சலாட்டிலுக்குள் நீரில் கரைந்த நஞ்சு எளிதில் புகுந்துவிடும். உரத்திலிருந்து வரும் நைட்ரேட்டை டெஸ்ட் கிட் காட்டிக்கொடுக்கும், பூச்சிக்கொல்லியைக் காட்டாது.

பார்சன்ஸ் வேலி போன்ற நீர்த்தேக்கங்களிலிருந்து வரும் குழாய் நீரின் குறை குளோரின். அது தெரிந்த குறை; மீன் கடைகளில் கிடைக்கும் ஆன்டி-குளோரின் சில நிமிடங்களில் அதைப் போக்கிவிடுகிறது. ஆகவே என் தேர்வு குழாய் நீர்தான். மேலே சோலைக்காடு மட்டுமே உள்ள ஊற்றென்றால் அதையும் ஏற்பேன்.

எதைத் தேர்ந்தாலும் மென்மை என்னும் சிக்கல் தீராது, உண்மையில் கவலைப்பட வேண்டியதும் அதுதான். ஃபில்டரில் வாழும் பாக்டீரியாக்கள் ஆக்சலாட்டிலின் கழிவில் உண்டாகும் ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக மாற்றுவதற்கு, அமிலத்தைச் சமன்செய்யும் காரத்தன்மையில் ஏறக்குறைய 7 மில்லிகிராமைச் செலவழிக்கின்றன. மென்னீரில் அந்த இருப்பு விரைவில் தீர்ந்துபோக, நீரின் அமில-கார அளவான பிஎச் சரியத் தொடங்கும். சோதனைக் குழாயில் சொட்டு மருந்து விட்டால் நீலம் தெரிய வேண்டிய நீர் மஞ்சளாக நிற்கும். பிஎச் 6.5-க்குக் கீழே பாக்டீரியாக்களின் வேலை மந்தமாகி, அம்மோனியா தேங்குகிறது. பதறிப்போய், பிஎச்சை உயர்த்தச் சமையல் சோடாவைக் கொட்டுவோர் பலர். அமில நீரில் பெரும்பாலும் அவ்வளவாகத் தீங்கு செய்யாத அம்மோனியமாக இருந்த அந்தத் தேக்கம், பிஎச் திடீரென உயரும்போது கொடிய அம்மோனியாவாக மாறி, செவுள் இழைகளைப் பொசுக்கிவிடும். முதலில் நீரைச் சிறிது சிறிதாக மாற்றி அம்மோனியாவைக் குறைத்துவிட்டு, கழுவிய கிளிஞ்சல் துண்டுகளை வலைப்பையில் கட்டி ஃபில்டருக்கு அருகில் போடுவதே பாதுகாப்பானது. தேவைக்கேற்ப மெல்லக் கரைந்து, பிஎச்சை 7.4-ஐ ஒட்டி நிறுத்த அது உதவும்.

வாரம் ஒருமுறை ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றினால் பெரும்பாலும் போதும். கோடையில் குழாய் நீர் நாள்கணக்கில் வராமல் போகலாம் என்பதால், ஒரு டிரம்மில் முன்கூட்டியே பிடித்து, அதிலும் சிறிது கிளிஞ்சலைப் போட்டு மூடிவையுங்கள்.